தாத்தாவின் மிலிட்டரி பெட்டி: ஏழு மாத வேலை

தை மாதம் தொடங்கிய வேலை ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் முன்பு முடிந்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டி இப்போது அப்பா வீட்டுக் கூடத்தில், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடியில் ஓட்டை இல்லை. மூடி பிடித்துக்கொள்ளாமல் திறக்கிறது. வலப்பக்கத் தகட்டில் அவர் பட்டாளத்தில் வகித்த பதவிகளில் மூன்று ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. இடப்பக்கத்தில் மட்டும் ஐந்து அங்குல அகலத்துக்கு வெறும் இரும்பு. அங்கிருந்த எழுத்தை அழித்தது நான். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு பெட்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கட்டும்.

எங்கள் ஊர் வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி பக்கம். அருகிலிருக்கும் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவது அங்கே வழக்கம். தாத்தா 1950-ல், 18 வயதில், காட்பாடியில் ரயிலேறி பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். அல்சூர் ஏரிக்கரையில் அவர்களுடைய பயிற்சி மையம். பாலம் போடுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது, இதுதான் 1780-லிருந்து அந்தப் படையின் வேலை. மற்ற பிரிவுக்காரர்கள் இவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 26 வருஷம் தம்பியாக இருந்துவிட்டு, 1976-ல் சுபேதாராக ஊர் திரும்பினார். 2011-ல் காலமானார்.

அதன்பின் பெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. பதின்மூன்று வருஷம் தவிடும் புண்ணாக்கும் அதில்தான் இருந்தன. கொட்டகையை இடித்துக் கட்டும்போது ஆட்கள் அதைப் பழைய இரும்புக்காரருக்கு எடுத்து வைத்திருந்தார்கள். அப்பா பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "தாத்தா பெட்டிப்பா" என்று மட்டும்தான் சொன்னார்.

அளந்து பார்த்தேன். நீளம் 36 அங்குலம், அகலம் 18, உயரம் 14. 22 கேஜ் தகடு. அடிப்பக்கத்தில் மூன்று ஓட்டைகள், பெரியது உள்ளங்கை அளவு. பின்னால் இரண்டு கீல்களில் ஒன்று அறுந்திருந்தது. இடப்பக்கக் கைப்பிடி இல்லை. வெளியே முழுக்கக் கறுப்பு எனாமல், அதன்மேல் தவிட்டுத் தூளும் சாணியும். அந்தக் கறுப்பு, தாத்தா ஊருக்கு வந்தபின் 1990 வாக்கில் அப்பா அடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோதே அது கறுப்புப் பெட்டிதான். வெளியே எழுத்து எதையும் நான் பார்த்ததில்லை.

அதனால்தான் முதல் தப்பு நடந்தது. டிரில்லில் வயர் பிரஷ்ஷை மாட்டி இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, புதுக் கறுப்பு அடித்தால் இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கறுப்புக்கு அடியில் பச்சை வந்தது, பச்சைக்கு அடியில் வெள்ளையாக ஏதோ மின்னியது, உடனே இரும்பு தெரிந்தது. பிரஷ்ஷை நிறுத்திப் பார்த்தேன். அழிந்த இடத்தின் ஓரத்தில் ஒரு எழுத்தின் பாதி நின்றிருந்தது. ஆங்கில 'வி'யின் வலது கால். அதற்குப் பக்கத்தில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்.

அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. கை ஓடவில்லை. தாத்தா தோட்டத்தில் வேலி நட்டபோது பார்த்த ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. கடப்பாரையைப் போடுமுன் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, மண்ணில் சாய்வாக, மெதுவாகக் குத்திப் பார்ப்பார். நேராகக் குத்தவே மாட்டார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "நேரா குத்துனா வெடி தலைமேல படும்டா. சாய்ச்சா பக்கத்துலதான் தட்டும்" என்றார். எங்கள் தோட்டத்தில் கல்லும் வேப்ப வேரும்தான் உண்டு. இருந்தாலும் அந்தக் கை பழகிவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பெட்டியை ராத்திரி வாசலில் வைத்து, போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் மொழுக்கென்று தெரிந்த கறுப்பில் மேடும் பள்ளமும் எழுந்தன. அடியில் தடிமனாக எழுதிய பெயின்ட் மேலே அடித்த பூச்சிலும் ஒரு முடி அளவு மேடாகவே நிற்கும். வலப்பக்கத்தில் இரண்டு வரி. முன்பக்கத்தில் மூன்று வரி. ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறியிருந்த இடமும் இருந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் இடப்பக்கம் போயிருக்காது. செலவு இல்லாத, பத்து நிமிஷச் சோதனை. பழைய பெட்டி எதைத் தொட்டாலும் முதலில் இதைச் செய்யுங்கள். நான்கு திசையிலிருந்தும் வெளிச்சம் போட்டுப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் மேல்பூச்சை எப்படி எடுப்பது என்று மூடியின் உள்விளிம்பில் சின்னச் சின்ன இடமாகப் பரிசோதித்தேன். பெயின்ட் ரிமூவர் ஜெல் ஐந்தே நிமிஷத்தில் எல்லாப் பூச்சையும் ஒன்றாகக் கிளப்பியது, அது வேண்டாம். டர்பன்டைனுக்கு எதுவும் அசையவில்லை. தின்னரைப் பஞ்சில் தொட்டு வைத்தால் மேல்பூச்சு இளகியது, ஆனால் அடியில் இருப்பதும் சேர்ந்து இழுபட்டது. கடைசியில் கைகொடுத்தது வாட்டர் பேப்பர்தான், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூட அது நைஸாகும். 400-ல் கறுப்பின் பளபளப்பை மட்டும் எடுத்து, 600-ல் இறங்கி, நிறம் மாறப்போகிறது என்று தெரிந்ததும் 1000. ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். பத்து சுற்றுக்கு ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதனால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. நான் ஃபில்ட்டர் வைத்த மாஸ்க் போட்டு, தேய்த்த தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்துத் தனியாகக் கட்டி வைத்தேன். குழந்தைகளைக் கிட்டவே விடவில்லை.

இந்த வேகத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கையகலம் முடியும். வலப்பக்கம் மட்டும் ஒன்பது ஞாயிறுகள் எடுத்தது.

கறுப்புக்கு அடியில் பட்டாளத்துப் பச்சை. அதில் வெள்ளை எழுத்தில் சுபேதார் என்பதன் சுருக்கம், முன்னால் ஜே.சி. என்று தொடங்கும் எண், பெயர். பச்சைக்கு அடியில் இன்னொரு கறுப்பு, அதில் ஹவில்தார் என்பதன் சுருக்கமும் வேறு ஒரு எண்ணும். எண் ஏன் மாறியது என்று முதலில் குழம்பினேன். எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார், அவர்தான் விளக்கினார். ஹவில்தாருக்கு மேல்பதவியான நாயப் சுபேதார் ஆனதும் பழைய எண் போய் ஜே.சி. எண் வருமாம். அதற்கும் அடியில், தகட்டை ஒட்டிய செம்மண் நிறப் பிரைமருக்கு மேல், ஒல்லியான கையெழுத்தில் 'சாப்பர்', அந்தப் படையின் சிப்பாய்ப் பதவி. மேலே இருந்த இரண்டும் அச்சு வைத்து அடித்த எழுத்துகள். இது மட்டும் கையால் எழுதியது, வரி கொஞ்சம் மேல்நோக்கிப் போகிறது. அது அவரே எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய கடித உறைகளிலும் முகவரி அப்படித்தான் மேல்நோக்கி ஏறும். பதினெட்டு வயசுப் பையன், முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டியில், தன் பெயரை எழுதியிருக்கிறான். அன்று மத்தியானம் சாப்பிடாமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முழுப் பக்கத்தையும் ஒரே அடுக்குக்கு இறக்குவதா, எல்லாவற்றையும் காட்டுவதா என்று கேள்வி வந்தது. அடுக்கடுக்காக, படிக்கட்டு மாதிரி விட்டேன். மேலே சுபேதார், நடுவில் ஹவில்தார், கீழே சாப்பர். முன்பக்கத்தைப் பச்சையோடு நிறுத்திவிட்டேன்.

அடித்தகடு வேறு கதை. வேலூரில் டிரங்குப் பெட்டி செய்யும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெல்டு வைத்துவிடலாமா என்று கேட்டேன். அந்த அண்ணன் தகட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "வேணாம் தம்பி, இது மெல்லிசு. வெல்டு வெச்சா வளைஞ்சுக்கும், பெயின்ட்டும் வெந்து போயிடும். ரிவிட் அடிச்சுத் தரேன்" என்றார். ஓட்டையைச் சுற்றித் துருவேறிய பகுதியை வெட்டி எடுத்து, உள்பக்கமாக, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வைத்து, முக்கால் அங்குல இடைவெளியில் ரிவிட் அடித்தார். கீலும் கைப்பிடியும் பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டார். அதே காலத்துச் சாமான் என்பதால் ஒட்டிப்போயிற்று.

என் இரண்டாவது தப்பு இங்கே. மீதித் துருவை வினிகரில் நனைத்த துணியால் மூடி ஒரு ராத்திரி வைத்து, தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்தேன். அதுவரை சரி. அப்புறம் பழைய இரும்பு, புது ஜி.ஐ. தகடு இரண்டின் மேலும் ஒரே ரெட் ஆக்சைடைப் பூசினேன். மூன்று வாரத்தில் ஜி.ஐ. மேலிருந்தது நகத்தால் கீறினால் தோல் மாதிரி உரிந்து வந்தது. துத்தநாகப் பூச்சின் மேல் சாதாரண எண்ணெய் பெயின்ட் பிடிக்காது. எல்லாவற்றையும் சுரண்டி, துத்தநாகத்தில் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடித்து, மறுபடி பூசினேன். அடுத்த முறை ஜி.ஐ.யே வேண்டாம், துத்தநாகம் பூசாத சி.ஆர். தகடு என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

மூடியின் உள்பக்கம்தான் எனக்கு அதிக பயம். அங்கே ஒரு முருகன் படம், வள்ளி தெய்வானையோடு, ஏதோ காலண்டரிலிருந்து வெட்டி மைதாப் பசையால் ஒட்டியது. எங்கெல்லாமோ முகாம் மாறியபோதும் தாத்தாவின் பூஜை அறை இந்த மூடிதான். பெட்டியைத் திறந்து சுவரில் சாய்த்தால் சந்நிதி, மூடினால் சாமான். கிருத்திகைக்குப் பகலெல்லாம் டீ மட்டும் குடித்து, ராத்திரி ஒருவேளை சாப்பிடுவார். லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், அவருக்கென்று இரண்டு சப்பாத்தி எடுத்து வைப்பார்களாம். ஊருக்கு வந்தபின் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் காட்பாடியிலிருந்து அரக்கோணம் போய், வண்டி மாறித் திருத்தணி. 365 படியும் காவடியோடு ஏறுவார். 78 வயது வரைக்கும் விடவில்லை.

கிருத்திகை ராத்திரி விளக்கேற்றியதும் எங்களை உட்காரவைத்து ஒரு கதை சொல்வார். சுபேதார் சுப்பிரமணியம் கதை. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் அதன்மேல் தானே படுத்து, உடன் இருந்தவர்களைக் காப்பாற்றிய மெட்ராஸ் சாப்பர். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. "பேரைப் பார்த்தியா? அவன் பேருதான்" என்று மூடியில் இருக்கும் படத்தைக் காட்டுவார். அந்தக் கதைக்கும் அந்தப் படத்துக்கும் நடுவில் அவருக்கு இடைவெளியே கிடையாது. தன் சண்டையைப் பற்றி அவ்வளவு பேசமாட்டார். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார். டாங்கிகள் போக வழி வேண்டும், அதற்குக் கண்ணிவெடி வயலைத் திறக்க வேண்டும், எதிரே குண்டு வந்துகொண்டே இருக்கும். 21 வயது அருண் கேத்ரபால் பரம்வீர் சக்ரா பெற்றது அந்த ஆற்றைத் தாண்டிய சண்டையில்தான். அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் தாத்தா சொன்னது ஒரே வரி: "கையில கம்பி, வாயில கந்தன். அவ்ளோதான்."

படத்தைத் தண்ணீர், பசை எதுவும் தொடவில்லை. மெல்லிய பிரஷ்ஷால் தூசியும் பூச்சி எச்சமும் தட்டினேன், அவ்வளவுதான். லேமினேஷன் செய்யச் சொன்னவர்கள் உண்டு. சூடும் பசையும் பட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. அதற்குப் பதிலாக, தெளிவான பாலியெஸ்டர் தாளை ஒரு அங்குலம் பெரிதாக வெட்டி மேலே வைத்து, நான்கு மூலையிலும் சின்னக் காந்தம் போட்டேன். மூடி இரும்புதானே, பிடித்துக்கொண்டது. வேண்டும்போது கழற்றலாம்.

படத்துக்கு டார்ச் பிடித்தபோதுதான் அதன் ஓரத்தில், தகட்டுப் பெயின்ட்டின் மேல், பென்சில் எழுத்து தெரிந்தது. ஐந்து வரி. ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம், ஒரு தேதி, ஒரு கோடு, இன்னொரு தேதி. ஆயாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். ஆயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நட்சத்திரங்களைக் கேட்டதும் வரிசையாகச் சொன்னார்: பெரிய அத்தை, பெரியப்பா, அப்பா, சித்தப்பா, சின்ன அத்தை. முதல் தேதி பிறந்த நாள். இரண்டாவது தேதிதான் எங்களுக்கு விளங்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து ஆயாவே சொன்னார், "அது கடுதாசி போய்ச் சேர்ந்த நாளா இருக்கும். எதுக்குமே அவரு ஊர்ல இல்லையே." அப்பா பிறந்தது 1963-ல். அப்போது தாத்தா வடகிழக்கில், மலைமேல். அந்த வரியில் இரண்டு தேதிக்கும் இடையே 17 நாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே போய் நின்றார்.

தாத்தாவின் ஆறு பதக்கங்களும் பெட்டியில் இல்லை, ஆயாவின் அரிசிப் பானைக்குள் துணிப்பையில் இருந்தன. புளி போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றார் அத்தை. நல்லவேளை, தடுத்துவிட்டேன். பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். புளியும் பாலிஷும் அதை மழுக்கிவிடும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்ததோடு சரி. அந்த விளிம்புதான் எனக்குப் பெரிய உதவி செய்தது. ஒன்றில் ஹவில்தார் என்றும் பழைய எண் முழுசாகவும் இருந்தன. இடப்பக்கத்தில் நான் அழித்தது என்ன என்று அதை வைத்துத்தான் உறுதியாகத் தெரிந்தது.

ரிப்பன்கள் இற்றுப் போயிருந்தன. பெங்களூரில் பட்டாளச் சாமான் விற்கும் கடையில் 32 மில்லிமீட்டர் அகலத்தில் புதிதாக வாங்கினேன். பழைய துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை, கவரில் இருக்கின்றன. வரிசையில் ஒரு தப்பு செய்தேன். 1965 போரின் பதக்கம் இரண்டும், 1971 போரின் பதக்கம் இரண்டும் என்று ஆண்டு வாரியாக வைத்தேன். தெருக்கார ஹவில்தார் பார்த்ததுமே கையை நீட்டி மாற்றினார். நட்சத்திர வடிவப் பதக்கங்கள் முதலில்: சமர் சேவா, பஷ்சிமி. பிறகுதான் ரக்ஷா, சங்கிராம். அடுத்து 'ஹிமாலயா' பட்டையோடு சைன்ய சேவா, கடைசியில் சுதந்திர 25-ஆம் ஆண்டுப் பதக்கம். மாற்றிவிட்டு நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அவர் தாத்தாவை நேரில் பார்த்ததே இல்லை.

வெளிப்பூச்சுக்கு வார்னிஷ் அடிக்கவில்லை, நாளாவட்டத்தில் மஞ்சளாகிவிடும். தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்துப் பூசினேன். முதல் கலவை மெழுகு ஒன்றுக்கு டர்பன்டைன் நான்கு பங்கு. சித்திரை வெயிலில் பிசுபிசுத்துத் தூசி பிடித்தது. துடைத்துவிட்டு ஒன்றுக்கு மூன்றாக்கி, மிக மெல்லிசாகத் தேய்த்து, மறுநாள் துணியால் மெருகேற்றினேன். இப்போது நன்றாக இருக்கிறது. மெழுகை அடுப்பில் நேராக வைக்காமல், சுடுதண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, அடுப்பை அணைத்த பிறகுதான் டர்பன்டைன் ஊற்ற வேண்டும்.

செலவு: தகடு 180, பட்டறைக் கூலியும் ரிவிட்டும் 450, வாட்டர் பேப்பர் 14 தாள் 252, தின்னர் 160, மாஸ்க்கும் ஃபில்ட்டரும் 650, வீணான ரெட் ஆக்சைடு 140, எட்ச் பிரைமர் 320, ரிப்பன் ஆறு 360, பாலியெஸ்டர் தாள் 40, காந்தம் 120, மெழுகு 260, அடிக்கட்டை 200. மொத்தம் 3,132 ரூபாய். அடிக்கட்டை என்பது ஒன்றரை அங்குல உயரத் தேக்குச் சட்டம் இரண்டு. பெட்டி துருப்பிடித்ததே ஈரத் தரையில் நேராக உட்கார்ந்ததால்தான், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

இடப்பக்கத்து வெறும் இரும்பில் எழுத்தைத் திரும்ப எழுதித் தருகிறேன் என்று பெயின்டர் ஒருவர் சொன்னார். எண் தெரியும், பதவி தெரியும், அச்சும் வெட்டிக்கொள்ளலாம். அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். அந்த இடத்தில் மெழுகு மட்டும் இரண்டு கை கூடுதலாகப் பூசியிருக்கிறேன். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆடிக் கிருத்திகை அன்று அப்பா பெட்டியைத் திறந்து சுவரில் சாய்த்தார். உள்ளே நான்கு மூலையிலும் வசம்புத் துண்டு போட்டிருந்தார், தாத்தா போடுவது போலவே. விளக்கை மூடிக்கு எதிரே, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தார். சாய்ந்த வெளிச்சத்தில் பென்சில் எழுத்து நன்றாகத் தெரிந்தது. என் மகள் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள். ஆயா ஒவ்வொரு தேதிக்கும் அது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.